பாயிண்ட் ஃபைவ் ஜம்புலிங்கம்

சர்க்கார் உத்தியோகத்தில் ஒரே எண்ணை ஒன்பது வருஷம் எழுதிச் சம்பளம் வாங்கிய மனிதர் யாரென்று கேட்டால், போர்ட் பிளேயர் டெய்ரி ஃபார்ம் பக்கத்தில் ஜம்புலிங்கத்தைத்தான் கை காட்டுவார்கள். அந்த எண் 0.5. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, தீபாவளியும் உண்டு. அவர் மெயின்லாண்டுக்கு லீவில் போயிருந்த நாற்பத்தைந்து நாளுக்கும் உண்டு. திரும்பி வந்து, கப்பல் கிறுகிறுப்பு தெளிவதற்கு முன்பே உட்கார்ந்து, விட்டுப்போன தொண்ணூறு கட்டங்களையும் நிரப்பி முடித்தார். அந்தப் புள்ளி வைக்கும் அழகுக்காகவே ரிஜிஸ்டரைப் புரட்டலாம் என்று ஆபீசில் சொல்வார்கள். உள்ளே இருப்பது உண்மையா என்று பார்க்க யாரும் புரட்டவில்லை.

ராமநாதபுரத்துக்காரர். சொந்த ஊரில் மழை எட்டிப் பார்க்காத ஒரு வருஷத்தில், 1959-இல், கூலியாளாகக் கப்பலேறினார். இங்கே வந்து பார்த்தால் மழை விடுவதாக இல்லை. நான்கு வருஷம் ரோடு போட்டார். 1963-இல் சர்க்கார் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சரிவில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று கட்டினார்கள். போர்டில் அந்தப் பெயர் மூன்று மொழியில் இருந்தது. ஜனங்கள் ‘கந்தா பானி டேங்க்’, அழுக்குத் தண்ணீர்த் தொட்டி, என்றார்கள். அந்த வேலைக்கு ஆள் கேட்டபோது மற்றவர்களெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்கள். ஜம்புலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றதால் முன்னால் வந்தவராகக் கணக்காகி, வேலை கிடைத்தது.

வேலை கஷ்டமில்லை. குவார்ட்டர்ஸ்காரர்கள் கழித்ததெல்லாம் குழாய் வழியாக வரும். முதல் தொட்டியில் கெட்டியானது அடியில் தங்கும். அடுத்ததில் ஜல்லிப் படுகை வழியாக ஒழுகித் தெளியும். பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் அதற்குள் பேதியும் காமாலையும் குடும்பத்தோடு குடியிருக்கும். அவற்றைக் காலி செய்யத்தான் பிளீச்சிங் பவுடர். பவுடரைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பை அடியில் தங்கவிட்டு, மேலே நிற்கும் தெளிவைக் கழிவுநீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இரண்டும் கலந்து, குறுக்குச் சுவர் வைத்த கடைசித் தொட்டியில் வளைந்து வளைந்து அரைமணி நேரம் போக வேண்டும். அதற்குள் குளோரின் தன் வேலையை முடித்துவிட்டு, கொஞ்சம் மிச்சமும் இருக்க வேண்டும். அந்த மிச்சத்தின் அளவுதான் 0.5. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து ஐந்து சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.

முதல் மூன்று மாதம் மஞ்சளாகத்தான் வந்தது. பிறகு வெளுத்தது. ஒரு வருஷத்தில் மஞ்சள் என்ற பேச்சே இல்லை.

காரணம் ஸ்டோரில் இருந்தது. ஆரம்பத்திலேயே இரண்டு வருஷத்துக்கான பவுடர் டிரம்களை மெயின்லாண்டிலிருந்து வரவழைத்து அடுக்கிவிட்டார்கள். கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாத ஊரில் அது புத்திசாலித்தனம்தான். மாதம் ஒரு டிரம் செலவு, வருஷம் பன்னிரண்டு வரவு. ஆக ஸ்டோரில் எப்போதும் இருபது டிரம்முக்குக் குறையாது. ஸ்டோர் கீப்பர் திருநாவுக்கரசு தஞ்சாவூர்க்காரர், நேர்மையான மனிதர், அந்த நேர்மைதான் வினை. முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்பது ரூல். புதிதாக வந்த டிரம் வரிசையில் கடைசியில் போய் நிற்கும். இரண்டு வருஷம் இந்தத் தீவின் ஈரக்காற்றைக் குடித்து, குளோரினையெல்லாம் காற்றுக்குத் தானம் செய்துவிட்டு, அதன் முறை வரும்போது உள்ளே கட்டி தட்டிய சுண்ணாம்பு மட்டும் இருக்கும். அதை ஜம்புலிங்கத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். பின்னால் நல்ல டிரம்கள் தங்கள் முறைக்காகக் கெட்டுக்கொண்டிருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு டிரம்கூட வீணென்று தள்ளுபடி செய்யவில்லை என்று திருநாவுக்கரசுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்திருந்தது.

மஞ்சள் வராத முதல் நாள் ஜம்புலிங்கம் ரிஜிஸ்டரில் 0 என்று எழுதினார். ஓவர்சியர் பழனிசாமி, கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், அதைப் பார்த்து ரொம்பவும் வருத்தப்பட்டார்.

“இருக்க வேண்டிய அளவு பாயிண்ட் ஃபைவ்னு மேலயே அச்சடிச்சுக் குடுத்திருக்காங்கல்ல. அச்சுல இருக்கறதைப் பார்த்து எழுதறதுக்கு என்ன கேடு? நீ எதுக்கப்பா சொந்தமா யோசிக்கறே?”

வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. ஜம்புலிங்கம் அந்த 0-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் ஐந்தும் சேர்த்துவிட்டு, சொந்தமாக யோசிப்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டார். அவரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அவரை விட்டுவிட்டும் சொல்வதற்கில்லை.

சுத்திகரித்த தண்ணீர், ஊரில் நாலா என்று சொல்லும் ஓர் ஓடையில் விழுந்து கடலுக்குப் போகும். அந்த நாலாவின் கரையில் பொன்னம்மாவின் தோட்டம். பொன்னம்மா லோக்கல் பார்ன், தீவிலேயே பிறந்தவள். அவள் தாத்தாவை மதுரைப் பக்கத்திலிருந்து ஆயுள் தண்டனை கொடுத்து வெள்ளைக்காரன் கப்பலில் அனுப்பி வைத்தான். தண்டனை முடிந்த பிறகு அவர் ஊருக்குப் போகாமல் இங்கேயே வெட்டித் திருத்திய துண்டு நிலம் அது. புருஷன் மரம் ஏற்றும் வேலையில் அடிபட்டுச் செத்துப்போனான். கொத்தமல்லி, முள்ளங்கி, வெள்ளரி போட்டு, ருக்கு என்ற ஒரே மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மழை நின்ற மாதங்களில் நாலாத் தண்ணீர்தான் தோட்டத்துக்கு.

நிலையம் திறந்த வருஷமே வந்து ஜம்புலிங்கத்திடம் தண்ணீர் சுத்தமா என்று கேட்டாள். அப்போது மஞ்சள் வந்துகொண்டிருந்த காலம். சாஃப் பானி, தாராளமாக ஊற்று என்றார். மஞ்சள் நின்றபோது இதைப் போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு வருஷத்துக்கு மேல் தள்ளினார். பொன்னம்மா அந்தத் தண்ணீரை ஊற்றி வளர்த்த கொத்தமல்லியைக் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கே கொண்டுபோய் விற்றாள். ஆபீசர் வீட்டு அம்மாள்கள் அதைப் பச்சையாக அரைத்துத் துவையலாக்கிப் பரிமாறினார்கள். குழாய் வழியாக அவர்கள் அனுப்பியது கூடை வழியாக அவர்களுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. நடுவில் நின்று தடுக்க வேண்டியது ஜம்புலிங்கத்தின் பவுடர். அது சுண்ணாம்பு.

1972 ஜனவரியில் குவார்ட்டர்ஸில் ஏழு குழந்தைகளுக்குக் காமாலை. எட்டாவது ருக்கு. இத்தனை வருஷமாகக் கண்ணாடிக் குழாயில் வராத மஞ்சள் அவள் கண்ணில் வந்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் பரீட்சை போயிற்று. ஜம்புலிங்கம் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனார். கட்டிலருகே நிற்க முடியாமல் பழத்தை வைத்துவிட்டு ஓடிவந்தார். அன்று இரண்டு வேளை அவர் சாப்பிடவில்லை. மாலையில் 0.5 எழுதினார்.

குழந்தைகள் ஆபீசர்களின் குழந்தைகள் என்பதால் விசாரணை உடனே நடந்தது. ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். ஒன்பது வருஷமும் ஒரு நாள் தவறாமல் 0.5. ஆகவே நிலையத்தின் மேல் குற்றமில்லை. நிலையத்தின் மேல் இல்லையென்றால் தோட்டத்தின் மேல்தான். பொன்னம்மா நாலாவை அசுத்தம் செய்கிறாள் என்று சந்தேகம் எழுந்தது. சந்தேகம் எழுந்த பிறகுதான் அவள் நிலத்துக்குப் பட்டா இல்லை என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. மெயின்லாண்டிலிருந்து கிருஷ்ணமூர்த்தி என்ற பெரிய ஆபீசர் பிப்ரவரி பதினைந்தாம் தேதி நேரில் வந்து நாலாத் தண்ணீரைச் சோதிப்பார், தண்ணீர் கெட்டிருந்தால் தோட்டத்தை அழித்து அவளைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது.

பொன்னம்மா உத்தரவை எடுத்துக்கொண்டு நேராக ஜம்புலிங்கத்திடம் வந்தாள். பயப்படவில்லை. அண்ணன் மருந்து போடுகிற தண்ணீர்தானே, சோதித்தால் சோதிக்கட்டும் என்றாள். அவள் பயந்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜம்புலிங்கத்துக்கு மறுபடி சொந்தமாக யோசிக்க வேண்டி வந்தது. பழைய பவுடரையே ஐந்து பங்கு அதிகமாகக் கரைத்துப் பார்த்தார். சுண்ணாம்புச் சேறு குழாயை அடைத்ததுதான் மிச்சம். ஸ்டோருக்கு ஓடினார். முந்தின வாரக் கப்பலில் வந்த பன்னிரண்டு டிரம் அங்கே பளபளவென்று நின்றது. அதில் ஒன்று, ஒரே ஒன்று கொடுங்கள் என்று கேட்டார்.

திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு முன்னால் இருபத்திரண்டு டிரம் வரிசையில் நிற்பதைக் காட்டினார். “பின்னாடி வந்தவனை முன்னாடி விட்டா அப்புறம் ரூல் எதுக்குய்யா இருக்கு? உனக்காக ஒருதரம் மீறினா நாளைக்கு ஊர்ல இருக்கிறவனெல்லாம் வந்து நிப்பான்” என்றார். பிளீச்சிங் பவுடருக்காக ஊர் திரண்டு வரிசையில் நிற்கும் நாளை எண்ணி அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

பதினைந்தாம் தேதி விடிந்ததும் ஜம்புலிங்கம் வேலைக்கு வந்தார். ரோடு பளிச்சென்று இருந்தது. கெஸ்ட் ஹவுஸிலிருந்து நிலையம் வரை இரண்டு ஓரமும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. பெரிய ஆபீசர் வருகிறாரென்றால் கோடு போடாமல் முடியுமா? குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். மூக்கில் குத்தி, கண்ணில் நீர் வந்தது. முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு நெடியை அவர் கண்டதில்லை.

காவல்காரனிடம் விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. பழைய டிரம் பவுடர் கட்டி கட்டியாக இருந்ததால் சல்லடையில் விழவில்லை, கோடு கோணிக்கொண்டு போயிற்று. ஓவர்சியர் பழனிசாமி முகம் சுளித்தார். உடனே திருநாவுக்கரசு, விசேஷச் சந்தர்ப்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, புது டிரம் இரண்டை உடைத்துக் கொடுத்திருக்கிறார். தண்ணீருக்காக அசையாத ரூல் ரோட்டுக்காக அசைந்து கொடுத்தது.

ஜம்புலிங்கம் வீட்டுக்கு ஓடி, விளக்குமாறும் இரண்டு முறமும் சாக்கும் எடுத்தார். மனைவி அலமுவையும் இழுத்துக்கொண்டு வந்தார். கூடையோடு வந்த பொன்னம்மா, ரோட்டைக் கூட்டும் இரண்டு பேரையும் பார்த்து நின்றாள்.

“க்யா ஹுவா அண்ணே? ரோடு கூட்டற ஜமாதார் இன்னிக்கு லீவா?”

உன் தோட்டம் நிற்க வேண்டுமானால் கேள்வி கேட்காமல் கூட்டு என்றார். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் இருமிக்கொண்டே இடது ஓரத்தை முழுக்க வழித்து எடுத்தார்கள். வலது ஓரத்துக்குப் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மண்ணும் பவுடருமாக ஒன்றரைச் சாக்கு தேறியது. அதைக் கரைத்து, தெளியவிட்டு, சொட்டவிட்டு, ஜம்புலிங்கம் கடைசித் தொட்டியின் சுவரில் உட்கார்ந்து அரைமணி நேரத்தை ஒவ்வொரு நிமிஷமாக எண்ணினார். பிறகு கண்ணாடிக் குழாயில் ஐந்து சொட்டு விட்டார். மஞ்சள் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கொஞ்சம் அழுதார்.

கிருஷ்ணமூர்த்தி ஜீப்பில் வந்து இறங்கி, கோடு ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்று கேட்டார். பழனிசாமி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. போகிற வண்டியும் வருகிற வண்டியும் குழம்பாமல் இருக்க இங்கே அப்படி ஒரு முறை வைத்திருக்கிறோம் என்றார். ஆபீசர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார், மெயின்லாண்டிலும் செய்து பார்க்கலாம் என்றாராம்.

நாலாவில் அவர் எடுத்த தண்ணீரும் மஞ்சளானது. அதற்குப் பிறகு ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி, ஒன்பது வருஷத்தையும் மெதுவாகப் புரட்டினார். இப்படி ஒரு சீரான நிலையத்தைத் தன் சர்வீஸில் கண்டதில்லை என்று எழுதினார். தோட்டம் பற்றிய உத்தரவு ரத்தாயிற்று. பவுடர் இவ்வளவு நன்றாக வேலை செய்வதால் இனி வருஷம் பத்து டிரம்மே போதும் என்றும் ஒரு வரி சேர்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். சாப்பாட்டில் கொத்தமல்லித் துவையல் இருந்தது.

அன்று மாலை பொன்னம்மா ஒரு கட்டு கொத்தமல்லியும் நாலு முள்ளங்கியும் எடுத்துக்கொண்டு ஜம்புலிங்கத்தின் வீட்டுக்கு வந்தாள். தோட்டம் பிழைத்த சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது. அவர் கையை நீட்டவில்லை. இன்றைக்குத் தண்ணீர் சுத்தம், நாளைக்கு இருக்காது என்றார். ரோட்டில் கூட்டிய பவுடர் இன்றோடு தீர்ந்தது, நாளையிலிருந்து பழைய சுண்ணாம்புதான். நாளை மட்டுமல்ல, முதல் வருஷத்துக்குப் பிறகு எந்த நாளுமே சுத்தமாக இருந்ததில்லை. அதற்குப் பிறகு தான் எழுதியதெல்லாம் பொய். எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தார்.

பொன்னம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் ஏன் என்கிட்ட ஒரு நாள்கூடக் கொத்தமல்லி வாங்கலேன்னு இப்பத்தான் புரியுது” என்றாள். “அண்ணிக்குக் கீரை ஆகாதுன்னு சொன்னீங்க. ருக்குவுக்கும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளே அலமு அடுப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். கீரை ஆகாது என்று வாசலில் நின்று ஒன்பது வருஷம் சொன்னவள் அவள்தான்.

மறுநாள் காலை ஜம்புலிங்கம் ரிஜிஸ்டரில் 0 என்று எழுதினார். மாலையிலும் 0. மூன்றாம் நாள் மெமோ வந்தது. பெரிய ஆபீசரே பாராட்டிய நிலையம், அவர் கப்பலேறிய மறுநாளே கெட்டுப்போகிறதென்றால் அது கடமை தவறியதன்றி வேறென்ன என்று கேட்டிருந்தது. ஜம்புலிங்கம் நான்கு பக்கத்துக்கு நடந்தது நடந்தபடி எழுதிக் கொடுத்தார். மூன்று நகல் இணைக்கப்படவில்லை என்று அது திரும்பி வந்தது. இணைத்துக் கொடுத்தார். அதைப் படித்தார்களா என்று தெரியாது. ஒன்பது வருஷப் பொய்க்குப் பாராட்டு வாங்கியவர், ஒரு வார உண்மைக்குத் தண்டனை வாங்கினார். நிலையத்திலிருந்து நீக்கி, டிரம் உருட்டும் ஆளாக ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

இதைத்தான் டிபார்ட்மென்ட் செய்திருக்கக் கூடாது.

திருநாவுக்கரசு எந்த டிரம்மையும் திறந்து பார்ப்பவரல்ல. வந்த தேதி டிரம் வயிற்றில் பெயிண்டால் எழுதியிருக்கும், அந்தத் தேதியைத்தான் பார்ப்பார். அந்தத் தேதியை எழுதும் வேலை இப்போது ஜம்புலிங்கத்தினுடையது. பொய்யை அழகாக எழுதுவதில் தீவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வாரத்தில் புது டிரம்களெல்லாம் 1970-இல் வந்தவையாயின. பழையவை சென்ற மாதம் கப்பலிறங்கியவையாயின. திருநாவுக்கரசு ரூல் ஒரு எழுத்துப் பிசகாமல், மூத்த டிரம்மைத் தேடி நிலையத்துக்கு அனுப்பினார். அடுத்த ஆபீசர் வந்தபோது ரோட்டுக் கோட்டுக்கு விசேஷமாக உடைத்த ‘புதிய’ டிரம்மில் கட்டி கட்டியாக வந்தது. மெயின்லாண்டுக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பழனிசாமி திட்டினார்.

நிலையத்துக்கு வந்த புது ஆள் மஞ்சளைச் சோதிக்கவே இல்லை. அச்சில் இருப்பதைப் பார்த்து 0.5 எழுதினான். ஆனால் பவுடர் கரைக்கும்போது கண்ணெல்லாம் எரிகிறதென்று ஸ்டோருக்கு வந்து சண்டை போட்டான். அந்தத் திட்டுகளை ஜம்புலிங்கம் நின்று முழுக்க வாங்கிக்கொண்டார்.

பொன்னம்மா மட்டும் அன்றிலிருந்து நாலாவில் கை வைக்கவில்லை. அரை மைல் தள்ளியிருந்த கிணற்றிலிருந்து சுமந்து ஊற்றினாள். சுமக்க முடிந்த அளவுக்குத்தான் தோட்டம் என்றாகி, பாதி காய்ந்துவிட்டது. உத்தரவால் அழியாத தோட்டம் அப்படி அழிந்துகொண்டிருந்தது. பரீட்சை எழுதாத ருக்குவும் குடத்தோடு நடந்தாள். ஜம்புலிங்கம் போய், தண்ணீர் இப்போது உண்மையாகவே சுத்தம் என்றார். அவள் குடத்தை இறக்காமலே கேட்டுவிட்டு நடந்தாள். கண்ணாடிக் குழாயை எடுத்துப்போய்க் கண்ணெதிரே மஞ்சளைக் காட்டினார். அதற்கும் அவள் அசையவில்லை. அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார்.

கடைசியில் ஒரு நாள் பொன்னம்மா நாலாத் தண்ணீரை ஒரே ஒரு பாத்திக்கு ஊற்றினாள். ஒரு மாதம் கழித்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜம்புலிங்கத்தைக் கூப்பிட்டாள். அந்தப் பாத்தியில் கொத்தமல்லி தழைத்திருந்தது. ஒரு பிடியைக் கிள்ளி, நாலாத் தண்ணீரிலேயே முக்கி எடுத்தாள்.

“கண்ணாடிக் குழா வேணாம், ரிஜிஸ்டர் கிதாப் வேணாம். தின்னுங்க.”

ஜம்புலிங்கம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அவள் கை இன்னும் நீண்டே இருந்தது. அதில் இன்னொரு பிடி இருந்தது.

“இது அண்ணிக்கு. இங்க வந்து, என் முன்னாடி தின்னணும். தினம் ரெண்டு பேரும் தின்னா, நான் தினம் ஊத்தறேன்.”

மறுநாள் காலை ஜம்புலிங்கம் அலமுவோடு வந்தார். பொன்னம்மா இரண்டு பேர் கையிலும் ஈரக் கொத்தமல்லியை வைத்தாள். அலமு அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பாத்தி ஓரத்தில் நின்ற ருக்குவைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அவள் விழுங்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பொன்னம்மா குடத்தை நாலாவில் இறக்கினாள்.